குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்ப்பவர் யார்?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டி ஒரு பேரூராட்சி. இத்தகைய ஊர்களில் ஊழியம் செய்யும் ஆயர்கள் ஒரு காட்சியை நன்கு அறிவர். ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், சாலை வளைவிலோ ஓடைப் பாலத்தின் அருகிலோ, கட்டிப் போட்ட பைகள் கிடக்கும். கோழிக்கடைக் கழிவும், திருமண மண்டபத்து எச்சில் இலையும், உடைந்த ஓடும், மருந்துப் புட்டியும் ஒன்றாய்க் குவிந்திருக்கும். மாலையில் யாரோ அதற்குத் தீ வைப்பர். அப்புகையைக் கடந்துதான் நாம் வீடு சந்திக்கச் செல்கிறோம். ஆயினும் நம் பிரசங்கங்களில் அக்குவியல் இடம்பெறுவதில்லை.

இதை எழுத எனக்குத் தூண்டுதலாக இருந்தது பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சபையில் நிகழ்ந்த அறுப்பின் பண்டிகை. ஐந்நூறு பேர் உணவருந்தினர். மறுநாள் காலை கோயில் மதிற்சுவருக்கு வெளியே குவிந்து கிடந்த குப்பையை அள்ள வந்த பணியாளர் அம்மையார் தம் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, நீங்க சாப்பிட்ட எலைய நாங்க எடுக்கறோம், அது எங்க வேலை. அதுக்குள்ள கண்ணாடிய எதுக்குங்கய்யா போட்டீங்க?” என்று கேட்டார். ஏலத்தில் உடைந்த ஒரு குவளையை நாங்களே இலைகளுக்குள் சுருட்டி எறிந்திருந்தோம். படைப்பின் நன்மைகளுக்காக முந்தின நாள் நன்றி செலுத்திய சபைக்கு அக்கேள்விக்கு மறுமொழி இல்லை. அதற்கு மறுமொழி தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1. குப்பை சாலையோரத்தை அடையும் விதம்

நம் முன்னோர் காலத்திலும் குப்பை இருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் சருகும் இலையும் அங்கே மட்கி உரமாகி வயலுக்குச் சென்றன. அந்நாளில் குப்பை என்னும் சொல்லே எருவையும் குறித்தது. விவசாயி அதை விலை கொடுத்தும் வாங்கினார். பிளாஸ்டிக் வந்தபின் இச்சுழற்சி அறுந்தது. மட்கும் பொருளோடு மட்காத பொருள் கலந்துவிட்டால் இரண்டும் பயனற்றுப் போகின்றன; கலந்த குப்பையை உரமாக்கவும் இயலாது, விற்கவும் இயலாது. அதைக் கொட்டுவதற்கான இடத்தைத் தேடுவது ஒன்றே வழியாகிறது.

அவ்விடம் எப்போதும் உரிமையாளர் இல்லாத இடமாகவே அமைகிறது. இரண்டு ஊராட்சிகளின் எல்லை, ஓடைப் புறம்போக்கு, ஏரிக்கரை, நெடுஞ்சாலையின் ஓரம் ஆகியவை இரு தரப்பாராலும் கவனிக்கப்படுவதில்லை. முதலில் ஒருவர் ஒரு பையை வைக்கிறார். மறுநாள் அப்பையே மற்றவர்களுக்கு அனுமதிச் சீட்டாகிறது. விடியுமுன் கூலி வேலைக்குச் செல்லும் வீட்டாருக்கு, காலை ஒன்பது மணிக்கு வரும் குப்பை வண்டி பயன்படுவதில்லை. அவர்கள் வழியில் எறிந்துவிட்டுச் செல்கின்றனர். ஆகவே இது சோம்பல் ஒன்றினால் மட்டும் விளைவதன்று. ஏற்பாட்டின் குறைவினாலும் விளைகிறது.

விளைவுகளோ கண்கூடு. எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து டயாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் காற்றில் கலக்கின்றன. மதகுகள் அடைபடுகின்றன. எறிந்த குவளைகளிலும் சிரட்டைகளிலும் தேங்கும் மழைநீரில் டெங்குவைப் பரப்பும் கொசு பெருகுகிறது. தருமபுரி மாவட்டத்தாருக்கு இதில் தனிப்பட்ட கவலையும் உண்டு. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடினால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட மக்கள் இம்மாவட்டத்தவர். அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரியிலிருந்து குடிநீர் கொண்டுவர நேர்ந்த மாவட்டத்தில், கையருகே உள்ள ஏரியையும் கிணற்றையும் குப்பையால் கெடுப்பது எத்தகைய பேதைமை!

சட்டம் இல்லாமலா இந்நிலை? அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016-இன் விதிகள் குப்பையை வீட்டிலேயே பிரிப்பதைக் கட்டாயமாக்கின. 2026-இல் அறிவிக்கப்பட்ட விதிகள் அப்பிரிவை நான்காக விரித்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. சட்டங்கள் இருந்தும் குவியல் குறையாததற்குக் காரணம் நம் மனத்தில் உறைந்துள்ள ஒரு நம்பிக்கை என்றே தோன்றுகிறது. என் எல்லைக்கு வெளியே போய்விட்டால் அது இல்லாமற்போய்விட்டது என்பதே அந்நம்பிக்கை.

2. எல்லைக்கு வெளியே யார் இருக்கின்றனர்?

அந்நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024 டிசம்பரில் திருநெல்வேலியருகே நிகழ்ந்தது சான்று. நடுக்கல்லூர், கோடகநல்லூர் முதலிய ஊர்களின் நிலங்களில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டுக் கிடந்தன. நோயாளிகளின் பெயர் தாங்கிய தாள்கள் அவற்றின் பிறப்பிடத்தைக் காட்டிக் கொடுத்தன. மூன்று நாள்களுக்குள் அவற்றை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசுக்கு ஆணையிட்டது. கேரளத்திலிருந்து லாரிகள் வந்து கழிவுகளை அள்ளிச் சென்றன. மருத்துவக் கழிவுகளை முறைகேடாகக் கொட்டுவோர் மீதான நடவடிக்கையைக் கடுமையாக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் சட்டத்தைத் திருத்தியது. நோயைக் குணமாக்கும் இடத்தின் கழிவு மலையைக் கடந்து வந்து அயலானின் வயலில் நோயை விதைத்தது. ஆயின் அண்டை மாநிலத்தாரைக் குறைகூறுமுன், நம் வீட்டுப் பை எந்த ஊராட்சியின் எல்லையில் கிடக்கிறது என்று கேட்டுக்கொள்வது நலம்.

அதே கேரளத்தில் இதற்கு மாறான பாடமும் உண்டு. ஆலப்புழை நகரம் தன் குப்பையை நெடுங்காலம் சர்வோதயபுரம் என்னும் புறநகர்க் கிராமத்துக்கு அனுப்பி வந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்தனர். நகரத் தெருக்கள் நாறின. வெளியே அனுப்ப இடமில்லை என்றான பிறகே நகரம் தன் குப்பையைத் தானே நோக்கியது. வீடுகளில் உயிரி எரிவாயுக் கலன்களும் உரக் குழாய்களும் மானியத்துடன் வைக்கப்பட்டன. தெருக்களில் உரத் தொட்டிகள் அமைந்தன. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு இந்நகரை முன்மாதிரியாகப் பாராட்டியது. அயலார் மறுத்துரைத்த ஒரு சொல், நகரத்துக்கு மனந்திரும்புதலாக அமைந்தது எனலாம்.

3. திருமறை காட்டும் ஒழுங்கு

உபாகமம் 23:12-14-இல் பாளயத்தின் தூய்மை பற்றிய கட்டளை உள்ளது. ஒவ்வொருவனும் தன் கழிவைத் தானே மண் தோண்டி மூடவேண்டும். அதற்கான கருவியை ஆயுதங்களோடு தானே வைத்திருக்கவேண்டும். அதன் காரணமும் கூறப்படுகிறது: பாளயத்தின் நடுவே கர்த்தர் உலாவுகிறார். இவ்வேலைக்கென்று ஒரு தனிக் குலம் அங்கே நியமிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். லேவியருக்கும் போர்வீரனுக்கும் ஒரே விதி.

இனி நெகேமியாவை நோக்குவோம். எருசலேமின் வாசல்களுள் ஒன்றின் பெயர் குப்பைமேட்டு வாசல். இரவில் நகரைச் சுற்றிவந்த நெகேமியா, ஒருவரிடமும் பேசுமுன் அவ்வாசல் வரை தாமே சென்று பார்த்தார் (2:13). மூன்றாம் அதிகாரத்தில் மதிலைக் கட்டியோர் பட்டியல் வருகிறது. அதில் தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குத் தோள் கொடுக்க மறுத்தனர் என்ற குறிப்பு உண்டு (3:5). குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவனோ பெத்கேரேம் மாகாணத்தின் பிரபுவாகிய மல்கியா (3:14). பிரபுக்கள் சிலர் மதில் வேலைக்கே குனியாத காலத்தில், ஒரு பிரபு நகரின் கழிவு வெளியேறும் வாசலைத் தன் பங்காக ஏற்றான். அதற்குக் கதவும் பூட்டும் தாழ்ப்பாளும் இட்டான். நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிச் செல்லப்படும் வசனம் இது.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இயேசு கூறிய கெகென்னா, அதாவது இன்னோம் பள்ளத்தாக்கு, எருசலேமின் எரியும் குப்பைமேடாக இருந்தது என்று பலர் போதிக்கின்றனர். இக்கருத்துக்கு நாம் அறிந்த பழைய சான்று 1200-ஐ ஒட்டிய காலத்து யூத உரையாசிரியர் தாவீது கிம்கி சங்கீதம் 27-க்கு எழுதிய உரையே. முதல் நூற்றாண்டு எழுத்துச் சான்று அதற்கு இல்லை. அப்பள்ளத்தாக்கின் அவப்பெயர், தோப்பேத்தில் பிள்ளைகள் தீயில் பலியிடப்பட்டதனால் வந்தது (2 இராஜாக்கள் 23:10; எரேமியா 7:31). முதல் நூற்றாண்டுக் குப்பைமேட்டைத் தொல்லியலார் கண்டது கெதரோன் பள்ளத்தாக்கை நோக்கிய சரிவில். ஆகவே நரகத்தையும் குப்பையையும் எளிதில் இணைத்துப் பேசுவதைத் தவிர்ப்போம். அவ்விணைப்பு, குப்பையோடு உழைப்பவரையும் சபிக்கப்பட்டவராக எண்ணும்படி கேட்போரைப் பழக்கக்கூடும்.

4. குப்பையோடு எறியப்படும் மனிதர்

நம் நாட்டில் குப்பையின் கேள்வி சாதியின் கேள்வியிலிருந்து பிரிக்கவியலாதது. கழிவை வெளியே எறியும் மனம், அதை அள்ளுவோரையும் வெளியே நிறுத்தியது. ஊருக்குப் புறத்தே சேரி, சேரிக்கு அருகே குப்பைமேடு. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் வந்தன. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என மாறிற்று. எனினும் அப்பணியில் நிற்போர் இன்றும் பெரும்பாலும் அதே மக்களே. இது தூய்மையின் தீங்கு. திருச்சபையும் இதற்கு விலக்கன்று.

பாப்பாரப்பட்டிக்கு இவ்வகையில் ஒரு நினைவு உண்டு. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1908-இல் சிறைசென்று, அங்கே தொழுநோய்க்கு ஆளானார். தொழுநோயாளி என்று கூறி ஆங்கிலேய அரசு அவரை இரயிலில் செல்லவும் விடவில்லை. அவர் தம் இறுதிக் காலத்தில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்த ஊர் பாப்பாரப்பட்டி. 1925 ஜூலை 23-இல் அவர் மறைந்ததும் அங்கேயே. பாளயத்துக்குப் புறம்பே தள்ளப்பட்ட ஒருவருக்கு அவ்வூர் இடம் தந்தது. இயேசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்று கூறும் எபிரெயர் நிருபம் (13:12-13) நம்மையும் அவரிடத்திற்கு வெளியே வருமாறு அழைக்கிறது. நம் ஊர்களில் அவ்வெளி எங்கே இருக்கிறது என்று அறிய வேறு வரைபடம் தேவையில்லை. நம் குப்பை சென்றடையும் இடத்தைத் தொடர்ந்து சென்றால் போதும்.

5. சபை செய்யத்தக்கவை

முதலாவது, நெகேமியாவைப் போல் சென்று பார்த்தல். ஆயரும் சபை மூப்பரும் பேரூராட்சியின் மேற்பார்வையாளரோடு ஊரைச் சுற்றி வரட்டும். எந்த இடத்தில் எவ்வகைக் குப்பை, யாரிடமிருந்து வருகிறது என்று குறிக்கட்டும். இறைச்சிக் கழிவுக்கு ஒரு வழி, மண்டபத்துக் கழிவுக்கு வேறு வழி, வண்டி வராத தெருவுக்கு வண்டியின் நேரத்தை மாற்றுவதே வழி. குப்பை போடும் சுவரில் எல்லாச் சமயச் சின்னங்களையும் பதித்துவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் குப்பை அடுத்த சுவருக்கு நகருமேயன்றிக் குறையாது.

இரண்டாவது, நம் விழாக்கள். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியைக் குறித்து உள்ளாட்சிக்கு முன்னறிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைப்பது நடத்துவோரின் கடமை என்று 2016 விதிகளே கூறின. திருமண ஆராதனைக்குப் பின் விருந்து நடத்தும் எத்தனை சபைகள் இதை அறியும்? வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் போதும். கழுவும் வேலையை வாலிபர் சங்கத்தார் ஏற்கட்டும்.

மூன்றாவது, கோயில் வளாகத்தில் ஓர் உரக்குழி. பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. உரமாக்கும் முறைகளைக் குறித்து இத்தகைய நிலையங்களை அணுகிக் கேட்கலாம். அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சலைக் கொண்டுவரும் சபை, விளைநிலத்துக்கு உரத்தைத் திருப்பிக் கொடுப்பது பொருத்தமன்றோ?

நான்காவது, பணியாளரோடு உறவு. ஒருநாள் துடைப்பம் ஏந்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் மறுநாள் அள்ளுவோரின் சுமை குறைவதில்லை. கண்ணாடியையும் ஊசியையும் தனியே கட்டி எழுதிக் கொடுத்தலும், கையுறையும் உரிய ஊதியமும் கிடைக்க அவர்களோடு நின்று உள்ளாட்சியிடம் கேட்டலும், விருந்தில் அவர்களுக்கு முதற்பந்தியில் இடம் தருதலும் அதைவிட மேலானவை.

இறுதியாக, துப்புரவாக்கிய இடத்தைக் காத்தல். காலியாக விட்ட இடம் ஒரு வாரத்தில் மீண்டும் நிறையும். அங்கே மரக்கன்றோ விளக்கோ அமர்வதற்குக் கல்லோ வரவேண்டும். அதைத் தம் பொறுப்பாகக் கொள்ளும் ஒரு குடும்பமும் வேண்டும். மல்கியா வாசலைத் திருத்தியதோடு நில்லாமல் தாழ்ப்பாளும் இட்டதன் கருத்து இதுவே.

முன்சொன்ன சபையில் அடுத்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்குப் பின் குப்பையை மூன்றாகப் பிரித்து வைத்தோம். உடைந்தவற்றைத் தனிப் பெட்டியில் இட்டு எழுதியும் ஒட்டினோம். அந்த அம்மையார் வந்தார். சாக்கை உடனே தூக்கவில்லை; வெளிப்புறத்தை மெல்லத் தடவிப் பார்த்த பிறகே தூக்கினார். நம்மீது அவருக்கு நம்பிக்கை உண்டாக ஓராண்டு போதவில்லை. அந்நம்பிக்கையைப் பெறும்வரை இவ்வூழியத்தைத் தொடர்வதே அவர் கேட்ட கேள்விக்கு நாம் கொடுக்கத்தக்க மறுமொழி.