கைவேலை நேரம் – 12: மாவுக்கும் ஒரு ஷிஃப்ட்

போன வாரம் பட்டாபிராம் திண்ணையில், வாழைநாரும் மல்லியுமாக நிறுத்தியிருந்தேன். படிக்காமல் விட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் வயர் கூடை என்று வாக்குக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. கூடை வரும். அதற்கு முன்னால் இட்லி மாவு குறுக்கே வந்து பொங்கிவிட்டது. பக்கத்தை முடித்துக்கொடு என்று ஆபீஸிலிருந்து போன் மேல் போன். நானோ இன்னும் உளுந்தைவிட்டு வெளியே வரவில்லை.

விஷயம் இதுதான். 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவரத் தொடங்கியது. இந்த வட்டாரத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு தாத்தாவாவது அதில் போல்ட் முடுக்கியிருப்பார். அதே 1965-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்கிற சின்ன ஊரில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை அச்சாகியது. பொருள்: இட்லி மாவைப் பொங்கவைப்பதில் லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்கிற பாக்டீரியாவின் பங்கு. எழுதியவர்கள் ஐந்து பேர். முதல் பெயர் முகர்ஜி, நடுவில் பெடர்சன், கடைசியில் ஸ்டைன்க்ராஸ்.

பெடர்சன் யார் என்று தேடப்போனதில்தான் என் வாரம் போனது. மனிதர் முட்டைக்கோஸைப் புளிக்கவைத்தே பேர் வாங்கியவர். ஜெர்மானியர்கள் முட்டைக்கோஸை மெல்லிசாகச் சீவி, உப்புப் பிசறி, அழுத்தி மூடிவைத்து ‘சவர்க்ரவுட்’ என்று ஒன்று செய்வார்கள். அது எப்படிப் புளிக்கிறது என்பதில் அவர் பெரிய கை. அந்த முட்டைக்கோஸில் வேலையை ஆரம்பித்துவைக்கும் அதே கிருமிதான் நம் இட்லி மாவையும் மேலே தூக்குகிறது என்று அந்தக் குழு கண்டுபிடித்தது. ஈஸ்ட் வேண்டாம், சோடா உப்பு வேண்டாம், கோதுமை வேண்டாம். அரிசி, உளுந்து, தண்ணீர், கொஞ்சம் உப்பு. புளிப்பையும் காற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது அது. பிறகு வேறு சில பாக்டீரியாக்கள் வந்து புளிப்பை இன்னும் ஏற்றுகின்றன. ஸ்டைன்க்ராஸ் இதோடு விடவில்லை. உலகம் பூராவும் வீடுகளில் புளிக்கவைத்துச் சாப்பிடும் பண்டங்களைப் பற்றி 1983-ல் தடிமனான ஒரு கையேடே கொண்டுவந்தார். இட்லி அதில் மரியாதையான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கிருமியின் பூர்வகதை இன்னும் ருசி. 1878-ல் வான் டீகெம் என்கிற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பேர் வைத்தபோது, இது சர்க்கரை ஆலைகளின் சாபக்கேடு. சர்க்கரைச் சாற்றில் புகுந்தால் போதும், சாறு கொழகொழவென்று சளியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். பின்னாளில் அந்தக் கொழகொழப்பையே பிரித்தெடுத்து டெக்ஸ்ட்ரான் என்ற மருந்தாக்கினார்கள். ரத்தம் இழந்தவர்களுக்கு பிளாஸ்மாவுக்குப் பதிலாக ஏற்றும் திரவம். ஆலையில் திருடன், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், நம் வீட்டு எவர்சில்வர் தூக்கில் சமையல்காரர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் அங்கிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது; கூடவே கொரியக் குடும்பங்களும் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்தில் போர்டு வைத்த சாப்பாட்டுக் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே தட்டின் ஓரத்தில் சிவப்பாக வைக்கிறார்களே கிம்ச்சி, அது புளிக்கும்போது முதல் சில நாட்கள் வேலை பார்ப்பதும் லூக்கோனோஸ்டாக் வகையறாதான். குளிர்காலத்துக்கு முன்னால் ஊரே கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. கள்ளிக்குப்பத்தில் மாமியாரும் மருமகளும் கிரைண்டரைச் சுற்றி நின்று சண்டை போட்டபடி மாவு வழிப்பதற்கு இன்னும் யாரும் பட்டியல் போடவில்லை.

இதையெல்லாம் பக்கத்துத் தெரு அத்தையிடம் போய்ச் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர், இன்றைக்கும் மாவை முழங்கை வரை விட்டுக் கலக்குகிறவர்.

“கை ராசியெல்லாம் கிடையாதாம் அத்தை. கிருமி உளுந்துமேலயே ஒட்டிக்கிட்டு வருதாம். கரண்டியால கலக்குனாலும் பொங்குமாம்.”

“வரட்டும் தம்பி. தூங்கிக்கிட்டிருக்கிறத எழுப்பி வுடறது யாரு?”

அதற்கு 1965 கட்டுரையில் பதில் இல்லை. ஆனால் அத்தைக்குச் சாதகமான ஒன்று உண்டு. கிருமி காற்றை உண்டாக்கினால் மட்டும் போதாது, அந்தக் காற்று ஓடிப்போகாமல் பிடித்துவைக்க ஆள் வேண்டும். வெறும் அரிசி மாவு அதைச் செய்யாது. உளுந்தில் இருக்கும் ஒருவகைப் புரதமும், அரபினோகேலக்டன் என்கிற வழவழப்புச் சரக்கும் சேர்ந்துதான் குமிழியைக் கட்டி நிறுத்துகின்றன என்று மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வாளர்கள் 1970-களில் காட்டினார்கள். உளுந்து எவ்வளவு அரைபட வேண்டும், தண்ணீர் எப்போது தெளிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் குமிழி விவகாரம்தான். அத்தை அதைப் பார்ப்பது விரலில். அரைபடும் உளுந்தைக் கிள்ளித் தண்ணீரில் போடுவார். மிதந்தால் கிரைண்டரை நிறுத்துவார். மூழ்கினால் இன்னும் ஒரு கை தண்ணீர், இன்னும் கொஞ்சம் ஓட்டம்.

சரி, ஷிஃப்டுக்கு வருகிறேன். இந்தத் தொடரின் ஆரம்பத்திலிருந்து நான் நச்சரித்துக்கொண்டிருக்கும் கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் 1964-லிருந்து சைரன் கேட்டு வாழ்கிற குடும்பங்களில், கையால் செய்கிற சமாசாரங்கள் எப்படி இன்னும் சாகாமல் இருக்கின்றன? நேரம் இருக்கிறவர்கள்தான் கைவேலை செய்வார்கள் என்பது சும்மா பேச்சு. முழுசாக ஒரு மத்தியானம் யாருக்கும் கிடைப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி வைக்க முடிகிற வேலைதான் இங்கே தங்கியிருக்கிறது. மாவு அதில் முதல். ஆள் உழைப்பு மொத்தமாக ஒரு மணி நேரம்கூட வராது. மிச்சமெல்லாம் ஊறுவதும் புளிப்பதும். சென்னை வெயிலுக்கு மாவு பொங்க சுமார் எட்டு மணி நேரம். அதாவது சரியாக ஒரு ஷிஃப்ட்.

திருமுல்லைவாயலில் தையல் யூனிட்டுக்குப் போகும் ஓர் அக்காவின் வீட்டுக் கணக்கு இது. கணவருக்கு மாறி மாறி ஷிஃப்ட். கணவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால், காலை ஐந்து மணிக்கு அரிசி ஊறப்போகும். உளுந்து மட்டும் ஃப்ரிட்ஜுக்குள் ஊறும். வெளியே வைத்தால் வெயில் காலத்தில் வாடை வந்துவிடும், அதோடு குளிர்ந்த உளுந்தும் குளிர்ந்த தண்ணீரும் கிரைண்டர் சூட்டைத் தாங்கும். மூன்று மணிக்கு வந்து அவர் அரைத்துவைப்பார், ராத்திரி பதினொன்றுக்கு மாவு உள்ளே போகும். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் காலையிலேயே அரைத்துவிட்டு அவர் கிளம்ப, பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வீடு வரும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்தால் மேலே வழுவழுப்பு, கரண்டி பட்ட இடத்தில் உள்ளே தேனடை. நடுவில் கலக்கக் கூடாது, ஓரத்திலிருந்து அள்ள வேண்டும். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், கடைசிக்குக் குழிப்பணியாரம். கத்திரியில் இந்த அட்டவணை இரண்டு மணி நேரம் முன்னால் நகரும். மார்கழியில் மாவுத் தூக்கு அடுப்பு மேடைப் பக்கம் குடிபெயரும்.

இந்த எட்டு மணி நேரத்தின் மேல் ஒரு முறை கை வைத்துப் பார்த்தார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றாம் நாளே நிறுத்திவைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு நூறு வருஷம். பன்னிரண்டு மணி வேலை, போக வர இரண்டு மணி பயணம் என்று போட்டுப் பாருங்கள். மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்க வீட்டில் ஆள் இருக்காது. வழிந்து, புளித்து, கடைசியில் பாக்கெட்தான்.

பாக்கெட் மாவைக் குறைசொல்வது எனக்குப் பிடிக்காத பொழுதுபோக்கு. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். “எங்கம்மா கைப்பக்குவம் வருமா” என்று பெருமூச்சு விடுகிற ஆண்களில் எத்தனை பேர் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவியிருப்பார்கள்? உழைப்பு ஒரு மணி நேரம்தான் என்று மேலே எழுதினேன். காலை ஐந்து மணிக்கு உளுந்து ஞாபகம் வர வேண்டுமே, அது எந்தக் கணக்கில் சேரும்? திருமுல்லைவாயல் வீட்டில் கணவர் அரைக்கிறார் என்பதைத் தெருவில் இன்னும் கதையாகப் பேசுகிறார்கள்.

கல் என்றதும் கிரைண்டர். ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டும் யோசனை கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி என்பவர் கையில் உருவானது என்பார்கள். அதன்பிறகு அது ஓட்டலுக்கும் வசதியான வீட்டுக்கும் போய், கடைசியில்தான் நம் தெருவுக்கு வந்தது. விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். இடம் நம் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர். அந்த கிரைண்டர்கள் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. ரேஷன் புழுங்கல் அரிசியும் இலவசம், கிரைண்டரும் இலவசம் என்றான பிறகு, வீட்டில் அரைக்காததற்கு ஒரே காரணம்தான் மிச்சம்: ஆள் இல்லை.

கூடைக்கு வந்துவிட்டேன், இடம்தான் தீர்ந்துகொண்டிருக்கிறது. சாயங்கால ஆவடி லோக்கலில் பட்டரவாக்கத்தில் ஏறும் கூட்டத்தில் ஒரு பெண். ஜன்னலோரம் கிடைத்தால் பைக்குள்ளிருந்து பாதி முடிந்த வயர் கூடை வெளியே வரும், பச்சையும் வெள்ளையும். கூடையின் அடியை அவர் ரயிலில் போடுவதில்லை. அடி போடும்போது எண்ணிக்கை ஒன்று தப்பினால் கூடை கோணிக்கொள்ளும், அதனால் அது ஞாயிற்றுக்கிழமை வேலை, பேச்சுத் துணைகூட ஆகாது. அடி முடிந்து ரன்னிங் வயர் சுற்ற ஆரம்பித்துவிட்டால் கை தானாக ஓடும். கண் ஸ்டேஷன் போர்டில், விரல் முடிச்சில். ஆளுக்கு ஆள் இடித்தாலும் பிசகுவதில்லை. ஆவடி வருவதற்குள் ஒரு சுற்று. “சிவன் கண் போடுறீங்களாக்கா?” என்று கேட்டேன். “ரயில்ல சாதா முடிச்சுதாம்பா. சிவன் கண்ணு போடணும்னா லீவு போடணும்” என்றார்.

சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் மூன்றுக்கும் முடிச்சு எப்படி மாறுகிறது, கைப்பிடி ஏன் ஓரிடத்திலேயே இற்றுப்போகிறது என்பதெல்லாம் அடுத்த வாரம். ஒரு வழக்கும் பாக்கி இருக்கிறது. 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும் பரணிலிருந்து இறங்கி வந்த இந்தக் கூடையே பிளாஸ்டிக்தான். இருபது வருஷம் உழைக்கும் பிளாஸ்டிக்கை மஞ்சப்பைக் கட்சியில் சேர்ப்பதா வேண்டாமா? அத்தை ஒரு பக்கம், ரயில் அக்கா ஒரு பக்கம் நிற்கிறார்கள். இருவரையும் பேசவிட்டு எழுதுகிறேன்.