பசிபிக் கடல் மிதவையும் நம் வயல் மழையும்

'இந்த வருஷம் மழை கூடும், குறையும்னு முன்கூட்டியே சொல்றாங்களே, எதை வெச்சுச் சொல்றாங்க?' விவசாயிகள் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி இது. செயற்கைக்கோள் என்பது பாதி விடைதான். செயற்கைக்கோளுக்குக் கடலின் மேற்பரப்புதான் தெரியும். ஆழத்தில் உள்ள சூட்டை அறிய, கடலுக்குள் கருவி வேண்டும்.

பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்கிறோம். அது வரும் ஆண்டுகளில் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை குறைகிறது. மேட்டூருக்கு நீர்வரத்தும் பாதிக்கப்படுகிறது. அதே எல் நினோ, நமது வடகிழக்குப் பருவமழையைப் பல ஆண்டுகளில் கூட்டியும் விடுகிறது. 2015-ல் இரண்டையும் பார்த்தோம்.

1982-83-ல் வந்த பெரிய எல் நினோ, உச்சத்தை நெருங்கும் வரை சரிவரக் கண்டறியப்படவில்லை. கடலில் போதிய கருவிகள் இல்லாததே காரணம். அதன் பிறகு அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து, பூமத்திய ரேகையை ஒட்டி சுமார் 70 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தின. 1994-ல் வேலை முடிந்தது. காற்றையும், 500 மீட்டர் ஆழம் வரையிலான கடல் வெப்பத்தையும் அவை அளக்கின்றன.

பம்ப்செட்டைப் போலவே மிதவைக்கும் பராமரிப்பு வேண்டும். 2012-ல் செலவைக் குறைக்க, பராமரிப்புக் கப்பலை அமெரிக்கா நிறுத்தியது. 2014 தொடக்கத்தில், அந்நாட்டின் பொறுப்பில் இருந்த மிதவைகளிலிருந்து வரவேண்டிய தகவலில் சுமார் 40 சதவீதமே வந்தது. பிறகு வேறு கப்பல்களை அமர்த்திச் சரிசெய்தார்கள். ஆனால் விட்டுப்போன நாளின் அளவை மறுபடி எடுக்க முடியாது.

ஒரு நாடு கைவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம் என்பதால்தான் கூட்டு ஏற்பாடு தேவைப்படுகிறது. உலக வானிலை அமைப்பு 1950 முதல் இதை ஒருங்கிணைக்கிறது. உலகெங்கும் ஒரே நேரத்தில் வானிலை பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. நம் கணக்கில் அது காலை 5.30, மாலை 5.30. சென்னையிலும் காரைக்காலிலும் இந்த பலூன் நிலையங்கள் உண்டு. கடலில் ஆர்கோ என்ற கருவிகள் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து தகவல் அனுப்புகின்றன. அது எல்லா நாடுகளுக்கும் இலவசம். இந்தியாவின் பங்கை ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் கவனிக்கிறது. வங்கக் கடல் மிதவைகளைப் பராமரிப்பது சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். இவற்றில் படகைக் கட்டினாலோ, கருவியைக் கழற்றினாலோ, புயல் நேரத்தில் நமக்கு வரவேண்டிய தகவல்தான் நின்றுபோகும்.

நாம் செய்யக்கூடியவை:

• பருவகாலக் கணிப்பு ஒரு பெரிய பகுதிக்கானது. உங்கள் வயலுக்கு மட்டுமானது அல்ல. ரகத்தின் வயதையும் விதைப்புக் காலத்தையும் யோசிக்க அதைப் பயன்படுத்துங்கள். மருந்து தெளிக்கவும் மேலுரம் இடவும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

• ஊரில் மழைமானி இருந்தால் அதன் அருகில் மாடு கட்டவோ, வைக்கோல் போர் போடவோ வேண்டாம். மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும்.

• பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து, மில்லிமீட்டரில் நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சில ஆண்டுக் கணக்கு சேர்ந்தால், உங்கள் வயலில் எந்த வாரம் மழை நம்பகமானது என்பது உங்களுக்கே தெரியவரும்.