போட்டோவைச் சுருக்கும் முன் ஒரு காப்பி!

எங்கள் வண்ணார்பேட்டையில் போட்டோ எடுக்க ஏற்ற இடம் எது என்று கேட்டால், சுலோசன முதலியார் பாலம் என்பேன். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்க அவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்த பாலம் இது. திறக்கப்பட்ட ஆண்டு 1843. காலை வெயிலில் ஆற்றங்கரையில் இறங்கி நின்றால், 11 வளைவுகளும் தாமிரபரணித் தண்ணீரில் அழகாகத் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் காட்சியை டிஜிட்டல் கேமராவில் 2048 × 1536 பிக்ஸெல் அளவில் எடுத்தேன். நண்பருக்கு இமெயிலில் அனுப்ப வேண்டும் என்று பெயிண்ட் புரோகிராமில் திறந்து, 640 × 480 ஆகச் சுருக்கி, 'சேவ்' கொடுத்துவிட்டேன். வேறு காப்பி இல்லை. அண்மையில் பிரேம் போடுவதற்காகப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தால், படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மீண்டும் எடுக்கலாம் என்றால், பழைய பாலத்தை ஒட்டிப் புதுப் பாலம் வந்துவிட்டது. அந்தக் காட்சி இனி கிடைக்காது.

ஏன் இப்படி ஆனது? நான் சுருக்கியபோது பத்தில் ஒன்பது பங்கு பிக்ஸெல்கள் போய்விட்டன. பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் அவை திரும்பி வராது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். போட்டோ பைலைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி, அடுத்து கண்ட்ரோல் + வி அழுத்துங்கள். அதே போல்டரில் ஒரு காப்பி கிடைக்கும். சுருக்குவது, ஓரங்களை வெட்டுவது எல்லாம் அந்தக் காப்பியில் மட்டும் இருக்கட்டும். ஒரிஜினலைத் தொடாமல், ஒரு பென் டிரைவிலும் பதிந்து வையுங்கள். மொபைலில் எடுக்கும் படங்களுக்கும் இதே வழிதான்.