ஏறுது... இருமுது... பிளக்கைப் பாருங்க பாஸ்!

சனிக்கிழமை காலையில நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா போதும், பிளான் ரெடி. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை... அப்புறம் நேரா கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர்னு சுத்திட்டு, நடுவுல பெரியார் அருவியில ஒரு குளியல். முன்னாடி பைக்ல போன கூட்டம் இப்ப காருக்கு புரமோஷன் ஆயாச்சு. அதுவும் சும்மா கார் இல்ல, செகண்ட் ஹேண்ட் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ! 2022ல இந்தியாவுல போலோ தயாரிப்பு நின்னு போச்சு. ஆனாலும் அந்த 1.2 லிட்டர் டர்போ என்ஜினுக்கும் 105 குதிரைசக்திக்கும் நம்ம பசங்ககிட்ட மவுசு குறையல.

அணை வரைக்கும் வண்டி வெண்ணெய் மாதிரி போகும். ஏத்தம் ஆரம்பிச்சு ஆக்ஸிலேட்டரை அமுக்கினதும் 'டுக்... டுக்...'னு ஒரு இருமல். உடனே பின் சீட்டுல இருந்து ஒரு குரல் வரும்: "மச்சி, ரேஸிங் பிளக் போட்டுடு, பறக்கும்!"

அந்தக் குரலை நம்பி கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

சமவெளியில வராத இருமல் மலையில மட்டும் ஏன் வருது? பிளக்கோட நுனியில ஒரு சின்ன இடைவெளி இருக்கு இல்லையா, மெக்கானிக் பாஷையில 'கேப்'. கரண்ட் அதைத் தாண்டினாத்தான் பொறி. ஓட ஓட நுனி தேய்ஞ்சு கேப் அகலமாகும். ஏத்தத்துல மிதிக்கும்போது டர்போ காத்தை உள்ளே திணிக்குது, சிலிண்டருக்குள்ள அழுத்தம் எகிறுது. அழுத்தம் கூடினா பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேணும். காயிலால அவ்வளவு தர முடியலைன்னா அந்தத் தடவை பொறியே விழாது. அதான் அந்த இருமல். தரையில மெதுவா உருட்டுறப்ப தேய்ஞ்ச பிளக் கூட சமாளிச்சிடும். மலைதான் குட்டை உடைக்கும்!

இதை அசால்ட்டா விட்டுடாதீங்க. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போய், அங்க இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள்ள எரிய ஆரம்பிக்கும். 'செக் என்ஜின்' லைட் விட்டு விட்டு மினுக்குதுன்னா வண்டி அதைத்தான் சொல்லுது. மிதிக்கிறதை நிறுத்திட்டு, பத்திரமான இடமாப் பார்த்து ஓரம் கட்டுங்க. கன்வெர்டர் போச்சுன்னா ஆகுற செலவுல பல செட் பிளக் வாங்கலாம். செமஸ்டர் ஃபீஸே ஞாபகத்துக்கு வரும்!

சரி, எந்த பிளக்? இங்கதான் பலரும் கோட்டை விடுற மேட்டர்: 'ஹீட் ரேஞ்ச்'. பிளக் நுனி சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தாத்தான் தன் மேல படியுற கரியைத் தானே எரிச்சுக்கும். 800, 850ஐத் தாண்டினா பொறி விழறதுக்கு முன்னாடியே, கொதிக்கிற நுனியே பெட்ரோலைப் பத்த வெச்சிடும். பிஸ்டன்ல ஓட்டை விழற கதையெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். நுனியில இருக்கிற சூட்டை என்ஜின் ஹெட்டுக்குச் சீக்கிரமா கடத்தினா அது 'கோல்டு' பிளக். மெதுவா கடத்தினா 'ஹாட்' பிளக். பொறி ஒண்ணும் சூடு, குளிர்ச்சின்னு மாறாது, குழப்பிக்காதீங்க.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில ஓடுற வண்டிக்கு கோல்டு பிளக்தான் சரி. அங்க லேப் லேப்பா ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கியே ஓட்டுவாங்க, சூடு இறங்க நேரமே கிடையாது. நம்ம கதை வேற. காலேஜ் வாசல் டிராஃபிக்ல அஞ்சு நாள் ஊர்ந்துட்டு, ஆறாவது நாள் கொஞ்ச நேரம் மலை. இதுக்கு ரேஸிங் பிளக் போட்டா அஞ்சு நாள்ல நுனி கரி பிடிச்சு, ஆறாவது நாள் இருமல் இன்னும் ஜோரா வரும்.

ஸோ, ஸ்டாக் வண்டின்னா மேனுவல்ல போட்டிருக்கிற நம்பரேதான். சென்னையிலயோ கோவையிலயோ ரீமேப் பண்ணி பூஸ்ட்டை ஏத்தின வண்டின்னா மட்டும் ஒரு படி கோல்டு, கேப் கொஞ்சம் குறைவு. அதையும் டியூன் பண்ணினவரைக் கேட்டுட்டு செய்யுங்க.

கடையில இன்னொரு கண்ணிவெடி இருக்கு. என்ஜிகே பிளக்குல நம்பர் ஏற ஏற கோல்டு. 7ஐ விட 8 கோல்டு. டென்சோவும் அப்படித்தான். ஆனா பாஷ், சாம்பியன்ல நம்பர் ஏற ஏற ஹாட்! 2008ல பாஷ்னு கம்பெனி பேரு மாறின பிறகும் 'மைக்கோ பிளக்'னே கேட்கிற பெரியவங்ககிட்ட இதைக் கேட்டுப் பாருங்க, விரல் நுனியில வெச்சிருப்பாங்க. கடைக்காரர் "அது இல்ல தம்பி, இதுவும் அதேதான்"னு வேற கம்பெனி பிளக்கை நீட்டினா, நம்பரை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. அந்தந்தக் கம்பெனியோட மேட்சிங் சார்ட்டைப் பாருங்க.

அப்புறம், இரிடியம். உருகுநிலை சுமார் 2,450 டிகிரி. அதனால நுனியை 0.4, 0.6 மில்லிமீட்டர் அளவுக்குச் சன்னமா செய்ய முடியுது. பொறி சுலபமா தாண்டும், சாதா நிக்கல் பிளக்கை விட பல மடங்கு உழைக்கும். டர்போ வண்டிக்கு இந்தக் காசு தகும். ஆனா இதைப் போட்டதும் பத்து குதிரை கூடும்னு யாராவது சொன்னா, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு கிளம்புங்க. மலை மேல காத்தே கொஞ்சம் மெலிசு. டர்போ இல்லாத வண்டி அங்க சோம்பேறியானா பழி பிளக் மேல இல்ல.

பாதி விலைக்கு இரிடியம்னு வந்தா டூப்ளிகேட் வாசனை அடிக்குதுன்னு அர்த்தம். எழுத்து மங்கலா இருந்தாலோ, நுனி மையத்துல இல்லாம கோணலா நின்னாலோ வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துடுங்க. கேப் சரி பண்றேன்னு இரிடியம் நுனியை நெம்பினா உடைஞ்சிடும்.

மாட்டும்போது என்ஜின் நல்லா ஆறியிருக்கணும். முதல்ல ஸ்பேனரைத் தொடாம கையாலேயே திருகுங்க. ஹெட் அலுமினியம். மரை ஒரு தடவை கோணலா ஏறிச்சுன்னா, பிளக் வேலை லேத் பட்டறை வேலையாயிடும். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் உள்ள மெக்கானிக் கிடைச்சா நல்லது.

கழட்டின பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எந்த சிலிண்டர்ல இருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே அடுக்கிப் பாருங்க. லேசான பழுப்பு, சாம்பல் நிறம்னா என்ஜின் நலம். எல்லாமே காய்ஞ்ச கரின்னா பெட்ரோல் அதிகமா போகுது, இல்ல பிளக் ரொம்ப கோல்டு. வெள்ளை வெளேர்னு கொப்புளம் போட்டிருந்தா சூடு எல்லை மீறியிருக்கு. நாலுல ஒண்ணு மட்டும் எண்ணெயில முக்கி எடுத்த மாதிரி இருந்தா புது பிளக்குக்கு அவசரப்படாதீங்க... அது பிஸ்டன் ரிங் இல்லேன்னா வால்வ் சீல். அந்த வாரம் கரியாலூருக்கு பஸ்லயே போயிடுங்க!