நுரையீரலில் ஒரு 'தேய்த்த கண்ணாடி'

மார்பின் எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? விலா எலும்புகள் வெண்மையாகவும் நுரையீரல்கள் கருமையாகவும் தெரியும். காரணம் எளிது. எலும்பு கதிர்களைப் பெருமளவு உட்கவர்கிறது. காற்றோ அவற்றை அநேகமாக அப்படியே விட்டுவிடுகிறது. கதிர் விழுந்த இடம் படத்தில் கறுக்கிறது. நுரையீரலில் இருப்பது பெரும்பாலும் காற்றுதானே!

இனி, வைரஸ் ஒன்று நுரையீரலைத் தாக்கினால் என்ன ஆகும்? 2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கோவிட்-19 நோயை எடுத்துக்கொள்வோம். காற்று நுண்ணறைகளின் சுவர்கள் வீங்குகின்றன. அறைகளுக்குள் நீர்மம் கசிகிறது. நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. ஆகவே அங்கே கதிர்கள் கூடுதலாகத் தடுக்கப்படுகின்றன. கருமை வெளிறிச் சாம்பல் நிறமாகிறது.

சொரசொரப்பாகத் தேய்த்த சன்னல் கண்ணாடியின் பின்னால் விரலை ஒட்டிவைத்துப் பாருங்கள். விரல் மங்கலாகத் தெரியும்; ஆனால் மறையாது. அதுபோலவே இச்சாம்பல் திட்டுகளின் ஊடே இரத்தக் குழாய்கள் தெரிகின்றன. எனவே மருத்துவர்கள் இவற்றைத் 'தேய்த்த கண்ணாடித் தோற்றம்' என்பர். கோவிட் நோயில் இவை பெரும்பாலும் இரு நுரையீரல்களிலும், வெளி ஓரங்களிலும், கீழ்ப்பகுதிகளிலும் காணப்படும். நுண்ணறைகள் முழுதும் நிரம்பிவிட்டால் திட்டு வெண்மையாகி, குழாய்களையும் மறைத்துவிடும்.

ஆனால், நோய் இருந்தும் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக இருப்பதுண்டு. ஏன்? பத்து எண்ணெய்த்தாள்களை அடுக்கி, நடுத்தாளில் மட்டும் இலேசான கறை இருந்தால், அடுக்கின் வழியே அது கண்ணில் படாது. மார்பின் பாகங்கள் யாவும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதும் அத்தகையதே. சி.டி. ஸ்கேன் கருவியோ தாள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. பல கோணங்களில் கதிர்களைச் செலுத்தி, அளவுகளைக் கொண்டு கணிப்பொறி ஒவ்வோர் அடுக்கையும் வரைகிறது. 1971இல் முதல் நோயாளியைப் படமெடுத்த இக்கருவியை உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு. 1979இல் அவரும் ஆலன் கார்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவர் பெயரால் அமைந்த அளவில் காற்று -1000, நீர் 0. நலமான நுரையீரல் -800ஐ ஒட்டியிருக்கும். நோயுற்ற பகுதி நீரின் எண்ணை நோக்கி நகரும்.

அப்படியானால் இருமல் வந்தவுடன் ஸ்கேன் எடுக்கலாமா? கூடாது. அதன் கதிர்வீச்சு சாதாரண மார்புப் படத்தினதைப்போல் பல பத்து மடங்கு. மேலும், இன்புளுயென்சா போன்ற நோய்களும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். படம் சொல்வது, 'இங்கே காற்று குறைந்து நீர் கூடியிருக்கிறது' என்பதை மட்டுமே. எந்த வைரஸ் என்பதை மூக்கு, தொண்டைச் சளியின் சோதனைதான் சொல்ல வேண்டும். நிழலைக் கண்டு பொருளின் வடிவை ஊகிக்கலாம். அதன் பெயரை ஊகிக்க முடியுமா?