நரம்புத் தடுப்பு ஊசியும் வலி நிவாரணக் கணிப்பும்: கீழ்முதுகுச் சிறுமூட்டு வலியை முன்வைத்து

முன்னுரை

நாட்பட்ட கீழ்முதுகு வலியின் பிறப்பிடத்தைக் கண்டறிவது எளிதன்று. முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இணைக்கும் சிறுமூட்டுகள் அத்தகைய பிறப்பிடங்களுள் ஒன்று. இம்மூட்டுகளின் தேய்மானம் வலியில்லாதவரிடமும் காணப்படுவதால், படச்சோதனையை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. ஆதலின், மூட்டின் உணர்வைச் சுமக்கும் நரம்புக் கிளைகளை மருந்தால் தற்காலிகமாகத் தடுத்துப் பார்க்கின்றனர். வலி தணிந்தால், அக்கிளைகளை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை நீடித்த நிவாரணம் தரும் எனக் கணிக்கின்றனர். இக்கணிப்பின் நம்பகத்தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

பொய் நேர்மறை

பொதுவாக ஒரு சிறுமூட்டுக்கு இரண்டு நரம்புக் கிளைகள் உணர்வளிக்கின்றன; எனவே ஒரு மூட்டைச் சோதிக்க இரண்டு இடங்களில் ஊசி தேவை. மருந்தின் அளவு மிகுந்தால் அது அண்டைத் திசுக்களுக்குப் பரவும். சிகிச்சை பெற்றோம் என்னும் நம்பிக்கையாலும் வலி குறையக்கூடும். இவ்வாறு பிற காரணங்களால் கிட்டும் நிவாரணம் 'பொய் நேர்மறை' எனப்படும். இதனைக் களைய, முதலில் குறுகிய நேரம் செயற்படும் லிக்னோகெய்னையும் பின்னொரு நாளில் நீண்ட நேரம் செயற்படும் பூபிவகெய்னையும் செலுத்தி ஒப்பிடுவர்.

ஷ்வார்சர் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில் 176 நோயாளர் இடம்பெற்றனர். லிக்னோகெய்னால் நிவாரணம் பெற்றோர் 83 பேர். பூபிவகெய்னிலும் அது உறுதிப்பட்டோர் 26 பேர் மட்டுமே. உறுதிப்படாத 150 பேருள் 57 பேர் முதல் ஊசியில் நிவாரணம் கண்டவர்கள். எனவே பொய் நேர்மறை வீதம் 38%. மறுபுறம், முதல் ஊசியில் நிவாரணம் கண்ட 83 பேருள் 26 பேருக்கே அது மெய்யானது. எனவே நேர்மறைக் கணிப்பு மதிப்பு 31%. முன்னது சோதனையின் பிழையைக் காட்டுகிறது. பின்னது நோயாளரின் வினாவுக்கு விடை தருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

கடுமையான தெரிவின் விளைவு

அவ்வாறாயின் இரட்டை ஊசியே சிறந்ததா? கோஹன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, 151 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தது. முதற்குழுவினர் சோதனை ஊசியின்றி நேரடியாக வெப்பச் சிகிச்சை பெற்றனர். ஏனைய இரு குழுக்களில், முறையே ஓர் ஊசியிலும் ஈரூசியிலும் நிவாரணம் கண்டவர்களே சிகிச்சைக்குத் தேர்ந்தனர். சிகிச்சை பெற்றோரிடையே வெற்றி வீதம் முறையே 33%, 39%, 64%. ஆயினும் மூன்று மாத முடிவில் ஒவ்வொரு குழுவிலும் நற்பயன் பெற்றிருந்தோர் முறையே 17, 8, 11 பேர். அதாவது, சோதனை கடுமையானபோது சிகிச்சை பெற்றோரிடையே கணிப்பு கூர்மையடைந்தது; ஆனால் சோதனையே இல்லாத குழுவில்தான் பயன்பெற்றோரின் எண்ணிக்கை மிகுதி. சல்லடையின் கண் சிறிதானால் பதரோடு மணியும் தங்கிவிடுகிறது.

எனினும் முதற்குழுவின் 17 பேரில் எத்தனை பேருக்கு நம்பிக்கையே மருந்தாயிற்று என்பதை இவ்வாய்வு பிரித்துக் காட்டாது. போலிச் சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு இதில் இல்லை.

முடிவுரை

நரம்புத் தடுப்பு ஊசி தீர்ப்பன்று. நிகழ்தகவைத் திருத்தும் கருவி. எத்தனை ஊசி தேவை என்பது, தேவையற்ற சிகிச்சையைத் தவிர்ப்பதா, பயன்பெறக்கூடியவரை இழக்காதிருப்பதா என்னும் முன்னுரிமையைப் பொறுத்தது. அம்முன்னுரிமையை எண்கள் மட்டும் முடிவு செய்ய இயலாது. மருத்துவரும் நோயாளரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.