வியாழக்கிழமை ராத்திரிப் படங்கள்

சென்னையில் வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் பல தடவை சிட்னியில் வியாழன் இரவே திரைக்கு வந்துவிடும். இந்த ஊர் தியேட்டர்களுக்கு வாரம் தொடங்குவதே வியாழக்கிழமைதான். நேரக்கணக்கும் நமக்குச் சாதகம்: குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் ஐந்தரை. ஊரில் இருக்கும் தம்பிக்கு 'படம் சுமார்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு அவன் ஆசையில் மண்ணைப் போடுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆனால் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) பார்த்துவிட்டு வந்த இரவு ஒன்றும் அனுப்பத் தோன்றவில்லை. அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுப் படகேறும் குடும்பம் ராமேசுவரத்தில் கரையிறங்கி, சென்னைக் காலனி ஒன்றில் ஒளிந்து வாழ்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் போலீஸைப் பார்த்துத் திணறும் இடங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "ஏன் தம்பி, அந்தப் பொலிஸ்காரன் வரேக்க எனக்கு நெஞ்சு பதறினது. நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

காலனிக்காரர்கள் எல்லாரும் இவ்வளவு நல்லவர்களா, படம் ஒரே சர்க்கரைப் பாகு என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் திகட்டியது. ஆனால் குவீன்ஸ்லாந்தின் பிலோயலா என்ற சிற்றூரை நினைத்துக்கொண்டேன். அங்கே வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் கொண்டுபோனார்கள். கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாம் வரை அனுப்பினார்கள். அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் 'எங்கள் ஊர்க்காரரைத் திருப்பித் தா' என்று நான்கு வருடம் விடாமல் போராடி, 2022 ஜூனில் அவர்களை ஊருக்கே வரவழைத்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் படம் முடித்துவிடுகிற காரியத்துக்கு நிஜத்தில் நான்கு வருடம் ஆனது. நான் சொல்லக்கூடிய குறை அது ஒன்றுதான்.

'மெய்யழகன்' (2024) நீளம் என்று ஊரில் முணுமுணுத்ததும், ஓடிக்கொண்டிருந்த படத்தில் பதினெட்டு நிமிடம் போல வெட்டினார்கள். சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அரவிந்த்சாமி இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். உருகி உருகி உபசரிக்கும் கார்த்தியின் பெயர் அவருக்கு நினைவில்லை. டிசம்பர் லீவில் ஊருக்குப் போய், "என்னைத் தெரியலையா?" என்று கேட்டவரிடம் அசட்டுச் சிரிப்புச் சிரித்தவர்களுக்கு அந்தப் படம் ஒரு நிமிடம்கூட நீளமில்லை. கத்திரி போட்டது தப்பு.

'லப்பர் பந்து'வில் அட்டகத்தி தினேஷ் மனைவிக்குத் தெரியாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு நழுவுவார். மேற்கு சிட்னி மைதானங்களுக்கு சனிக்கிழமை போய்ப் பாருங்கள், அரை டஜன் தினேஷ்கள் கிடைப்பார்கள். சாதி எப்படி ஆட்டக்காரனை வெளியே உட்கார வைக்கிறது என்பதைப் பிரசங்கம் இல்லாமல் சொன்ன விளையாட்டுப் படம் அது. இந்த வரிசையில் என் முதல் மார்க் அதற்குத்தான்.

'மகாராஜா'வின் திரைக்கதைச் சாமர்த்தியத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள், சரி. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசி வரை மறைத்து வைத்து, முடிச்சவிழ்க்கும் வித்தையாகக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. 'டிமான்டி காலனி 2' பயமுறுத்தியதைவிடக் குழப்பியது அதிகம்.

'வாழை'யைப் பற்றி நிறையச் சொல்ல வராது. ஆஸ்திரேலிய வாழைப்பழத்தில் பெரும்பங்கு குவீன்ஸ்லாந்திலிருந்து வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் அந்தச் சீப்பை எடுக்கும்போதெல்லாம் தார் சுமந்து கழுத்து நோகும் அந்தப் பையன் கண்முன் வந்து நிற்கிறான். மாரி செல்வராஜின் படங்களிலேயே குரல் உயர்த்தாத படம் இதுதான்.

ஒரு வேண்டுகோள். பெரிய நட்சத்திரம் இல்லாத படம் நம்ம ஏரியா தியேட்டருக்கு வந்தால், 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் சனி, ஞாயிறு கூட்டத்தைப் பார்த்துத்தான் திரையைக் கொடுக்கிறார்கள். அடுத்த வியாழன் போனால் போஸ்டர்கூட இருக்காது.